ரெண்டர் விடியும்வரை ஓடுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் முப்பரிமாணப் படம் செய்யும் இலவச சொப்ட்வெயரான பிளெண்டரைப் பழகி வேலை எடுக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஏழு பேர்ச் காணியில் கட்டப்போகும் வீட்டின் முகப்பு, கும்பாபிஷேக வீடியோவுக்குத் தலைப்பு, கல்யாண அழைப்பிதழ், தேயிலைப் பெட்டி விளம்பரம் என்று வேலை வருகிறது. கட்டிய காட்சியை மெஷின் கணக்கிட்டுப் படமாக்குவதுதான் ரெண்டர். எல்லாரும் வந்து முட்டி நிற்கிற இடம் அதுதான்: "அண்ணே, ரெண்டர் முடியவே மாட்டேங்குது." கடையில் கேட்டால் புதுக் கிராபிக்ஸ் கார்ட் போடச் சொல்வார்கள். தோட்டச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது பல மாத வருமானம். என்னிடம் வந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் குறை கார்டில் இருக்கவில்லை. செட்டிங்கில் இருந்தது, சீன் கட்டிய விதத்தில் இருந்தது, அடைத்துக்கிடந்த விசிறியில் இருந்தது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது பிளெண்டர் 4.2க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும், அதில் வெளிச்சக் கதிர்களைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸ் எஞ்சினுக்கும் பொருந்தும். அதன் இன்னொரு எஞ்சினான ஈவீக்கு வேறாக இருக்கும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரே ஒரு பிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, எஃப்12 அழுத்தி ரெண்டர் செய்யுங்கள். போனில் ஸ்டொப்வொச்சைப் போட்டுவிட்டு, ரெண்டர் ஜன்னலின் மேல் வரியையே பாருங்கள். மூன்று நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சாம்பிள் எண் (ஒரு பிக்சலுக்கு எத்தனை தடவை வெளிச்சம் கணக்கிடுவது என்ற எண்) ஓடத் தொடங்கும்வரை எவ்வளவு, சாம்பிள்கள் ஓடி முடிய எவ்வளவு, அதற்குப் பிறகு டீநொய்ஸும் (படத்தின் புள்ளிகளைத் துடைப்பது) கொம்போசிட்டிங்கும் (எடுத்த படத்தைக் கலந்து திருத்துவது) முடிய எவ்வளவு. அதே வரியில் பீக் மெமரி என்று ஓர் அளவு காட்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியில் நேரம் போனால் சாம்பிளைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது பகுதியில் போனால் ரேம் வாங்கிப் போட்டாலும் பயன் இல்லை. பலர் இந்தக் கணக்கைப் பார்க்காமலே கண்ட கண்ட செட்டிங்கை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் வந்து நிற்கிறார்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அதே பிரேமை மறுபடி ரெண்டர் செய்து நேரத்தை ஒப்பிடுங்கள்.

சோதனைக்கு முழு அளவு தேவையில்லை. ரெசொலூஷனை 50 சதவீதம் ஆக்கினால் பிக்சல்கள் நாலில் ஒன்றாகிவிடும். சாம்பிள் நேரமும் ஏறத்தாழ அப்படியே குறையும்.

## அறிகுறி: கார்ட் இருக்கிறது, ஆனால் சிபியுதான் மூச்சு வாங்குகிறது

நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். திருத்துவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதற்குள் சிஸ்டம். சைக்கிள்ஸ் ரெண்டர் டிவைசஸ் என்ற இடத்தில் என்விடியா கார்ட் என்றால் ஒப்டிக்ஸ், ஏஎம்டி என்றால் ஹிப், இன்டெல் ஆர்க் என்றால் வன்ஏபிஐ. அதைத் தெரிவு செய்து, கார்டின் பெயருக்குப் பக்கத்தில் சரி அடையாளம் போடுங்கள். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ரெண்டர் புரொப்பர்ட்டீஸில் டிவைஸ் என்று இன்னொரு இடம் உண்டு, அங்கே ஜிபியு கம்பியூட் என்று இருக்க வேண்டும். முதலாவது மெஷினோடு சேர்ந்தது, இரண்டாவது பைலோடு சேர்ந்தது. நண்பர் வொட்ஸ்அப்பில் அனுப்பிய பைலைத் திறந்தால் அவருடைய சிபியு செட்டிங்கும் கூடவே வந்துவிடும். புதிய பிளெண்டர் பதிப்பைப் போட்டு, பழைய பிரிஃபரன்ஸஸைக் கொண்டுவராமல் விட்டால் முதலாவது வெறுமையாகிவிடும். இரண்டையும் பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பூச்சியம் காட்டுகிறதா? பயப்பட வேண்டாம். அங்கே முதலில் தெரிவது திரீடி என்ற வரைபடம். சைக்கிள்ஸ் செய்யும் வேலை அதில் வராது. வரைபடத்தின் தலைப்பை அழுத்தி கியூடா அல்லது கம்பியூட் என்று மாற்றிப் பாருங்கள். அந்தப் பெயர்களே பட்டியலில் இல்லையென்றால் ஜிபியு-இசட் போன்ற சிறிய இலவச சொப்ட்வெயர் ஒன்றில் பாருங்கள், அது நேராகக் காட்டும்.

சிபியுவுக்கும் கார்டுக்கும் இரண்டுக்கும் சரி போட்டு வைத்திருப்பவர்கள், சிபியுவை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லெப்டொப்பில் இரண்டும் ஒரே விசிறியையும் ஒரே சார்ஜரையும் பங்குபோடுவதால் பல நேரம் கார்ட் தனியாகவே வேகமாக முடிக்கும்.

கார்டின் பெயரே பட்டியலில் வராவிட்டால் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ் தானாகப் போடும் டிரைவர் பழையதாக இருக்கலாம், கார்ட் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். பழைய ஏஎம்டி கார்ட்களுக்கு வேறு கதை. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0இல் ஓப்பன்சிஎல் ஆதரவை எடுத்துவிட்டார்கள். அதை மட்டுமே நம்பியிருந்த கார்ட்கள் 2.93வரைதான் சைக்கிள்ஸில் ஓடும். செகண்ட் ஹேண்ட் கார்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று பணம் கொடுக்குமுன் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈவீ மெதுவாக இருந்தால் இந்த டிவைஸ் பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பிளெண்டர் ஜன்னல் எந்தக் கார்டில் திறந்திருக்கிறதோ அதில்தான் ஈவீ ஓடும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் போய், பிளெண்டரைச் சேர்த்து ஹை பெர்ஃபோமன்ஸ் கொடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்: டிவைஸ் மேனேஜரிலேயே கார்ட் தெரியவில்லை, அல்லது புது டிரைவர் போட்ட பிறகும் அதன்மேல் மஞ்சள் அடையாளம் போகவில்லை என்றால் அது வன்பொருள் கோளாறாக இருக்கக்கூடும். கடைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி: பல நிமிடம் ஆகியும் முதல் சாம்பிளே வரவில்லை

மேல் வரியில் ரெண்டர் கெர்னல்ஸ் லோட் ஆவதாக எழுதியிருந்தால் காத்திருங்கள். புதுப் பதிப்பிலோ, டிரைவர் மாற்றியபின் முதல் தடவையோ இதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமை இழந்து நடுவில் மூடினால் அடுத்த முறையும் முதலிலிருந்து தொடங்கும். ஒருமுறை முழுக்க முடியவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை.

ஒவ்வொரு முறையும் அப்படித்தான் என்றால் சீனைப் பாருங்கள். முதல் சந்தேகம், வடிவத்தின் சிறு தளங்களை (முகங்களை) மேலும் துண்டாக்கி மழமழப்பாக்கும் சப்டிவிஷன் மொடிஃபையர்மேல் விழ வேண்டும். ஒரு லெவல் கூடினால் முகங்கள் நாலு மடங்கு. லெவல் 2 என்றால் 16 மடங்கு, லெவல் 5 என்றால் 1,024 மடங்கு. வியூபோர்ட் (வேலை செய்யும் ஜன்னல்) லெவல் 1 ஆகவும் ரெண்டர் லெவல் 5 ஆகவும் இருந்தால் வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, எஃப்12 அழுத்தும்போதுதான் மெஷின் திணறும். இலவசமாக டவுன்லோட் செய்த கதிரை, மேசை, குத்துவிளக்கு மொடல்களில் இது ஒளிந்திருக்கும். ரெண்டர் புரொப்பர்ட்டீஸில் சிம்ப்ளிஃபை பகுதியைத் திறந்து, ரெண்டருக்கான மெக்ஸ் சப்டிவிஷனை 2 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். நேரம் சட்டென்று விழுந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். பிறகு எந்த ஒப்ஜெக்ட் என்று ஒவ்வொன்றாக மறைத்துக் கண்டுபிடியுங்கள்.

அதற்கு அடுத்தது ஹேர் பார்ட்டிகிள், பூலியன் மொடிஃபையர், டிஸ்க்கில் பேக் செய்யாமல் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிக்காமல்) விட்ட துணி, தண்ணீர் சிமுலேஷன்கள். பென்டிரைவிலிருந்தே பைலைத் திறந்து ரெண்டர் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டெக்ஸ்சர் (பொருள்மேல் ஒட்டும் படம்) எல்லாம் அந்த மெல்லிய குழாய் வழியாகத்தான் வர வேண்டும். மெஷினுக்குள் கொப்பி செய்துவிட்டு ஓட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி உச்சத்தில் நிற்கிறது, டிஸ்க் 100 காட்டுகிறது என்றால் ரேம் நிரம்பி டிஸ்க்கில் வழிகிறது என்று அர்த்தம். பிரவுசரை மூடிப் பாருங்கள். அப்போதும் அப்படித்தான் என்றால் ரேம் கூட்டுவதும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும் நியாயமான செலவு. கார்ட் வாங்குவதைவிட இது பல மடங்கு மலிவு.

## அறிகுறி: சாம்பிள் ஓடுகிறது, ஓடுகிறது, கடைசியிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது

படம் பொரிபொரியாக இருந்தால் உடனே எல்லாரும் சாம்பிளைக் கூட்டுகிறார்கள். புள்ளிகளைப் பாதியாக்க வேண்டுமென்றால் சாம்பிள் நாலு மடங்கு வேண்டும். மறுபடி பாதியாக்க இன்னொரு நாலு மடங்கு. அந்தப் பாதையில் போய் முடிவைக் கண்டவர் யாரும் இல்லை.

பிளெண்டர் 3.0 முதல் புதிய சீனில் மெக்ஸ் சாம்பிள்ஸ் 4,096 என்றும் நொய்ஸ் த்ரெஷோல்ட் (புள்ளி இவ்வளவுக்குக் குறைந்ததும் நிறுத்தும் எல்லை) 0.01 என்றும் வருகிறது. அதை அப்படியே வைத்து ஓட்டுகிறவர்கள் பலர். டீநொய்ஸை ஓன் செய்து, த்ரெஷோல்டை 0.05க்குக் கொண்டுவந்து, மெக்ஸ் சாம்பிள்ஸை 256இல் வைத்து ஒரு பிரேம் எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் போனில் பார்க்கப்போகும் வீட்டுப் படத்துக்குப் பெரும்பாலும் இது போதும். போதாவிட்டால் 512. சுவரில் திட்டுத் திட்டாகப் பூசினதுபோல் தெரிந்தால் டீநொய்சருக்குக் கிடைத்த சாம்பிள் குறைவு. டெக்ஸ்சரின் நுணுக்கம் மங்கினால் டீநொய்ஸ் பகுதியில் பாஸஸ் என்ற இடத்தில் அல்பேடோ அண்ட் நோர்மல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளெண்டர் 4.1 முதல் ஓப்பன் இமேஜ் டீநொய்சரையே ஆதரவுள்ள கார்டில் ஓட்டலாம். முன்பு சாம்பிள் முடிந்தபின் சிபியுவில் கிடந்து எடுத்த நேரம் இதில் குறைகிறது. யூஸ் ஜிபியு என்ற இடத்தில் சரி போட்டிருக்கிறதா பாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் வெளிச்சம் வரும் வழியில் குறை இருக்கிறது. நமது வீட்டுப் படங்களில் மூன்று இடங்களில் இதைப் பார்க்கிறேன்.

ஒன்று ஜன்னல் கண்ணாடி. உள்ளறைக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும் வருகிறது, அந்த ஜன்னலில் கிளாஸ் மெட்டீரியல் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்ஸுக்கு இது மிகவும் கடினமான வேலை. கண்ணாடியைத் தெரிவு செய்து, ஒப்ஜெக்ட் புரொப்பர்ட்டீஸில் ரே விசிபிலிட்டிக்குள் ஷேடோவை எடுத்துவிடுங்கள். கண்ணாடி கண்ணுக்குத் தெரியும், வெளிச்சத்தை மறிக்காது. கமெரா உள்ளே இருந்து வெளியே பார்க்காத படம் என்றால் கண்ணாடியை மறைத்தே விடலாம். கூடவே லைட் பாத்ஸ் பகுதியில் கோஸ்டிக்ஸ் (கண்ணாடியிலும் பளபளப்பிலும் பட்டுக் குவியும் வெளிச்சம்) இரண்டையும் ஓஃப் செய்யுங்கள்.

இரண்டாவது, பல்ப். கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிரும் ஒரு சிறிய கம்பியைச் செய்து வைத்துவிட்டு அதுவே அறைக்கு வெளிச்சம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அங்கங்கே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள் வருவதற்கு இது முக்கியக் காரணம். கம்பி கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு பொயின்ட் லைட் வையுங்கள். மிச்சமிருக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு, மிகப் பளிச்சிடும் வெளிச்சத்தை வெட்டும் கிளாம்பிங்கில் இன்டிரெக்டை 10இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மிகவும் குறைத்தால் மூலைகள் இருண்டுவிடும்.

மூன்றாவது, திருவிழாச் சரவிளக்கு. கோயில் கோபுரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி எமிஷன் (தானே ஒளிரும்) உருண்டைகள். ஒவ்வொன்றையும் சைக்கிள்ஸ் ஒரு விளக்காகக் கணக்கெடுக்கிறது. பிளெண்டர் 3.5இல் வந்த லைட் ட்ரீ இந்தச் சுமையை நிறையக் குறைக்கிறது, அது ஓனில் இருக்கிறதா பாருங்கள். அதற்கும் மேலே, அந்த மெட்டீரியலின் செட்டிங்ஸில் எமிஷன் சாம்பிளிங்கை நன் (எதுவுமில்லை) ஆக்கிவிட்டு, கோபுரத்தில் படும் வெளிச்சத்துக்கு நாலைந்து ஏரியா லைட் வையுங்கள். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கடைசியாக பவுன்ஸ், அதாவது ஒரு கதிர் எத்தனை முறை பட்டுத் தெறிக்கலாம் என்ற எண். மொத்தம் 12 என்று வருகிறது. வெளிப்புற வீட்டு முகப்புக்கு 4 அல்லது 6 தாராளம். உள்ளறைக்கு டிஃப்யூஸை 4இலிருந்து குறைக்காதீர்கள், அறை செத்துப்போய்த் தெரியும்.

## அறிகுறி: பனிமூட்டம் போட்டதும் நேரம் பல மடங்கு ஏறிவிட்டது

மலைநாட்டுக் காட்சி செய்கிற ஒவ்வொருவரும் மூடுபனி போடுகிறார்கள். போடத்தான் வேண்டும், நமது காலைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் வேர்ல்ட் வொல்யூமில் (சீன் முழுவதையும் நிரப்பும் புகை) ஒளியைச் சிதறடிக்கும் ஒரு ஸ்கேட்டர் நோடைக் கொழுவிவிட்டால் கமெராவிலிருந்து போகும் ஒவ்வொரு கதிரும் வழிநெடுகக் கணக்குப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நேரமும் ஏறும், புள்ளியும் ஏறும். வானத்து வெளிச்சமும் சூரிய வெளிச்சமும்கூட அந்த வொல்யூமுக்குள் செத்துவிடும்.

பெரும்பாலான படங்களுக்கு அது தேவையே இல்லை. வியூ லேயர் புரொப்பர்ட்டீஸில் தூரத்தைத் தனிப் படமாக எழுதும் மிஸ்ட் பாஸை ஓன் செய்யுங்கள். வேர்ல்ட் புரொப்பர்ட்டீஸில் அது எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஸ்டார்ட், டெப்த் இரண்டையும் கொடுங்கள். கொம்போசிட்டரில் ஒரு மிக்ஸ் நோட்: ஃபெக்டருக்கு மிஸ்ட், இரண்டாவது நிறத்துக்கு மூட்டத்தின் நிறம். ரெண்டர் நேரத்தில் கூடுவது கணக்கில் எடுக்க முடியாத அளவுதான். மூட்டத்தின் நிறத்தைச் சுத்த வெள்ளையாகப் போடாதீர்கள், அடிவானத்துக்கு அருகில் வானம் என்ன நிறமோ அதைத் தொட்டு எடுங்கள். அதற்குப் பிறகும் மூட்டத்தின் அடர்த்தி பிடிக்கவில்லையென்றால் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியதில்லை, நோடில் மாற்றினால் போதும்.

மிஸ்ட் பாஸுக்குத் தூரம் மட்டுமே தெரியும். பள்ளத்தில் மட்டும் தேங்கிக் கிடக்கிற பனி அதில் வராது. அதற்கு மலை வரிசைகளுக்கு நடுவே மூன்று நாலு தட்டைப் பிளேன்களை நிறுத்தி, ஓரம் கரைந்துபோகும் மேகப் படத்தை அவற்றில் ஒட்டுங்கள். எல்ல, ஹப்புத்தளைப் பள்ளத்தாக்குகளைக் காலையில் பார்த்தால் பனி உண்மையிலேயே அப்படி அடுக்கு அடுக்காகத்தான் நிற்கிறது.

உண்மையான வொல்யூம் எப்போது வேண்டும்? சவுக்கு மரங்களுக்கு ஊடாக வெயில் கற்றை கற்றையாக இறங்க வேண்டும், அல்லது கோயில் வாசலில் கற்பூரப் புகைக்குள் வெளிச்சம் விழ வேண்டும் என்றால். அப்போதும் வேர்ல்டில் போடாமல், தேவைப்படும் இடத்தை மட்டும் மூடும் ஒரு பெட்டிக்குள் போடுங்கள். வொல்யூம் பவுன்ஸ் பூச்சியமாக இருக்கட்டும். அதையும் தனி சீனாகப் பாதி ரெசொலூஷனில் எடுத்துப் பிறகு கலந்தால் இன்னும் மிச்சம். புகைக்குக் கூர்மையான ஓரம் இல்லாததால் பாதி அளவு என்று யாருக்கும் தெரியாது.

## அறிகுறி: தேயிலை மலை வைத்ததும் மெமரி போதவில்லை என்று நிற்கிறது, அல்லது நத்தையாகிறது

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேயிலையை நாலடிக்கு இரண்டடி என்று நடுவது வழக்கம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் 5,400க்கு மேல் செடிகள் வரும். ஒரு செடிக்கு 20,000 முகம் என்றாலும் ஏக்கருக்குப் பத்துக் கோடியைத் தாண்டுகிறது. படத்தில் தெரியும் மலை ஒரு ஏக்கரோடு நிற்பதில்லை.

ஷிஃப்ட் டி போட்டுப் பெருக்கினால் ஒவ்வொரு செடியும் தனித்தனி மெஷ் (வடிவத் தரவு). ஓல்ட் டி போட்டால் எல்லாம் ஒரே மெஷ்ஷைப் பங்குபோடும், மெமரியில் 20,000 முகம் மட்டும்தான் இருக்கும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: செடியில் மொடிஃபையர் இன்னும் இருந்தால் ஓல்ட் டி போட்ட பிரதிகளும் தனித்தனியாகவே கணக்கிடப்படும். முதலில் மொடிஃபையரை அப்ளை செய்யுங்கள், பிறகு பெருக்குங்கள். ஜியோமெட்ரி நோட்ஸில் இன்ஸ்டன்ஸ் ஓன் பொயின்ட்ஸ் பாவிப்பவர்கள் கடைசியில் ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ் நோட் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது செய்த வேலையை எல்லாம் கெடுத்துவிடும்.

இலைகளைச் சதுரத் தாளில் ஒட்டி, மிச்சத்தை ஆல்ஃபாவில் மறைக்கும் முறை பழைய வீடியோக்களில் நிறைய வருகிறது. சைக்கிள்ஸில் இது மெமரியை மிச்சப்படுத்தி நேரத்தைத் தின்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தாள்களை ஒவ்வொரு கதிரும் துளைத்துத் துளைத்துப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு முகத்தில் இலை வடிவத்தையே வெட்டிச் செய்தால் வேகம்.

அதைவிட முக்கியம், எதைச் செய்யாமல் விடலாம் என்று தெரிவது. கவாத்து வெட்டி, கொழுந்து பறித்துப் பறித்துத் தட்டையாக நிற்கும் மலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் மேல்பரப்பும் நடுவில் ஓடும் பாதைகளும் மட்டும்தான் தெரிகின்றன. கமெராவுக்கு முன்னால் உள்ள சில வரிசைகளுக்கு நல்ல செடி. அதற்குப் பின்னால் தண்டில்லாத மேல்மூடி மட்டும். எதிர் மலைக்கு டெக்ஸ்சரும் பம்ப்பும் போதும். இந்த மலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்தத் தூரத்தில் என்ன தெரியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணைப் பாவியுங்கள்.

முகம் குறைவாக இருந்தும் மெமரி நிரம்பினால் டெக்ஸ்சர்தான். டிஸ்க்கில் 3 எம்பி ஜேபெக் என்று பார்த்து ஏமாறாதீர்கள். 4,096க்கு 4,096 வண்ணப் படம் கார்டுக்குள் விரியும்போது 64 எம்பி. 8கே என்றால் 256 எம்பி. இருபது 4கே படம் இருந்தால் 1.25 ஜிபி போய்விட்டது. 4 ஜிபி கார்டில் விண்டோஸும் ஒரு பங்கு கேட்கும். சிம்ப்ளிஃபையில் டெக்ஸ்சர் லிமிட்டை 2,048 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். படத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள்.

கார்டின் மெமரி நிரம்பினால் எப்போதும் பிழைச்செய்தி வராது. டாஸ்க் மேனேஜரில் ஷெயார்ட் ஜிபியு மெமரி ஏறிக்கொண்டே போனால் கார்ட் ரேமில் கடன் வாங்கி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் பல மடங்கு மெதுவாவது இப்படித்தான். எல்லாவற்றையும் குறைத்த பிறகும் உங்கள் வழக்கமான வேலைக்கே பீக் மெமரி கார்டின் அளவைத் தாண்டுகிறது என்றால், அப்போதுதான் கார்ட் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வேகத்தைவிட மெமரி அளவைப் பார்த்து வாங்குங்கள்.

## அறிகுறி: முதல் பிரேம்கள் வேகம், போகப் போக மெதுவாகிறது

சீன் மாறவில்லை, நேரம் மட்டும் ஏறுகிறது என்றால் சூடு. நுவரெலியா மாதிரிக் குளிர் ஊரில் லெப்டொப் சூடாகாது என்று நினைப்பது தவறு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்று கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு ஐதாக இருக்கிறது, விசிறி அள்ளிக்கொண்டு போகும் சூடும் அதற்கேற்பக் குறைகிறது. அதற்குமேல், குளிருக்குக் கம்பளியை விரித்து அதன்மேல் லெப்டொப்பை வைத்துவிடுகிறோம். காற்று உள்ளே போகும் துவாரம் அடியில்தான் இருக்கிறது.

கடினமான பலகைமேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்கு நிமிர்த்தி ஓட்டிப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒன்றில் வெப்பநிலையைப் பாருங்கள். சிபியு 95 பாகைக்கு மேலேயே நின்றால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கார்டில் ரெண்டர் செய்பவர்கள் பவர் ஒப்ஷன்ஸில் மெக்ஸிமம் புரொசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினால் சிபியுவின் டர்போ நின்று, விசிறியின் முழுப் பலமும் கார்டுக்குக் கிடைக்கும்.

விறகு அடுப்புப் புகை வரும் வீடுகளில் தூசி காய்ந்த தூசியாக இருப்பதில்லை. புகைப்படிவோடு சேர்ந்து ஹீட் சிங்கில் பிசினாக ஒட்டிவிடுகிறது. வெளியிலிருந்து புளோவர் அடித்தால் அது போகாது. லயத்து வீட்டில் பாவிக்கும் லெப்டொப்பை வருடத்துக்கு ஒருமுறை கடையில் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிக்கொள்ளுங்கள். செலவு பெரிதல்ல. கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம், விசிறி வயரும் கீபோர்ட் பட்டியும் எளிதில் அறுந்துவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: டச்பேட் மேலெழும்பி நிற்கிறது அல்லது மூடி சரியாக மூடவில்லை என்றால் பெட்டரி வீங்கியிருக்கிறது, சார்ஜரைக் கழற்றி மெஷினை ஓஃப் செய்து கடைக்குக் கொண்டுபோங்கள், அமுக்கி மூடவே கூடாது. கருகிய வாடை வந்தாலும் அப்படியே. பிளெண்டரை மூடியபிறகும் திரையில் கோடும் சதுரமும் ஓடினால் கார்டைக் காட்டுங்கள்.

சார்ஜர் மாற்றிய பிறகு மெதுவாகியிருந்தால் சூடு காரணமில்லை. பழைய சார்ஜரில் எழுதியிருந்த வோட் அளவும் புதியதில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். 150 வோட் கேட்கும் மெஷினில் 65 வோட் குத்தினால் சார்ஜ் ஏறுவதாகக் காட்டலாம், ரெண்டருக்குப் பலம் இருக்காது.

## அறிகுறி: ஒரு படம் சரி, அனிமேஷன்தான் முடியவில்லை

20 செக்கன் வீடியோ, செக்கனுக்கு 24 பிரேம்: 480 பிரேம். ஒரு பிரேமுக்கு மூன்று நிமிடம் என்றால் சரியாக 24 மணித்தியாலம். பிரேமுக்கு ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால் 16 மணித்தியாலம். அதனால் அனிமேஷன் தொடங்குமுன் ஒரு பிரேமோடு மல்லுக்கட்டும் நேரம் வீண்போகாது.

பெர்ஃபோமன்ஸ் பகுதியில் பெர்சிஸ்டன்ட் டேட்டாவை ஓன் செய்யுங்கள். கமெரா மட்டும் நகரும் வீட்டுச் சுற்றுக்காட்சிகளில் ஒவ்வொரு பிரேமுக்கும் சீனை மறுபடி ஏற்றும் நேரம் இல்லாமல் போகும். மெமரி கூடுதலாக எடுக்கும், கவனம். கமெரா அசையாமல் தலைப்பு மட்டும் சுழல்கிறதென்றால் பின்னணியை ஒரே படமாக எடுத்துவிட்டு, தலைப்பை ஃபில்ம் டிரான்ஸ்பேரன்ட்டில் (பின்னணி இல்லாமல்) தனியே எடுங்கள். தலைப்பு அனிமேஷன்களுக்கு ஈவீயே போதும் என்பது என் கருத்து. சைக்கிள்ஸைக் கண்ணாடிக்கும் உள்ளறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

டீநொய்ஸ் போட்ட அனிமேஷனில் ஒரு பிரேம் அழகாக இருந்தாலும் ஓடும்போது சுவர் கொதிப்பதுபோல் தெரியலாம். முழுவதும் ஓட்டுமுன் அடுத்தடுத்த பத்துப் பிரேமை மட்டும் எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். கொதித்தால் சாம்பிளை இரட்டிப்பாக்குங்கள்.

அளவைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேளுங்கள். 4கே என்பது ஃபுல் எச்டியைப்போல் நாலு மடங்கு பிக்சல். அச்சுக்கு என்றால் ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் 4,961க்கு 3,508 வேண்டும். சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 டிபிஐ போதும், அது நாலில் ஒரு பங்கு வேலை.

## அறிகுறி: பாதியில் கரண்ட் போனது, எல்லாம் முதலிலிருந்து

வீடியோ பைலாக நேரே ரெண்டர் செய்யாதீர்கள். பிஎன்ஜி படங்களாக ஒரு போல்டரில் எடுங்கள். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் கடைசியாக எழுதிய ஒரு பைலை மட்டும் அழித்துவிட்டு, அது அரைகுறையாக இருக்கலாம் என்பதால், கன்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் இருப்பதை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். நண்பரின் மெஷினையும் சேர்த்து ஒரே போல்டருக்கு ஓட்டுவதென்றால் பிளேஸ்ஹோல்டர்ஸையும் ஓன் செய்யுங்கள், ஒருவர் எடுத்த பிரேமை மற்றவர் தொடமாட்டார். எல்லாம் முடிந்தபின் பிளெண்டரின் வீடியோ சீக்குவன்சரிலேயே வீடியோவாக்கலாம், அதற்குச் சில நிமிடம்தான்.

இரவில் விட்டுவிட்டுப் படுக்குமுன் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள், விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மழை நமக்குப் பழக்கம். அந்த மாதங்களில் நீண்ட ரெண்டரை இரவு மழை ஓய்ந்தபின் தொடங்கிக் காலையில் முடியும்படி வையுங்கள். இடி முழங்கினால் சுவிட்சை ஓஃப் செய்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் வாங்குபவர்கள் விஏ எண்ணைப் பார்க்காமல் வோட் எண்ணைப் பாருங்கள், அது குறைவாகத்தான் இருக்கும். ரெண்டர் ஓடும்போது அது சில நிமிடம் தாங்கும், ஒழுங்காக மூடுவதற்கு மட்டும்.

மாலையில் பல்ப் மங்குகிறது, யூபிஎஸ் டிக் டிக் என்று மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் மின்னழுத்தம் விழுகிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று மின்வேலை தெரிந்தவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள், ஏர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றால் அன்றைக்கே அழையுங்கள். இதில் நீங்களாகக் கைவைக்க எதுவும் இல்லை.

## எல்லாம் செய்தும் தவணைக்குள் முடியாது என்றால்

ஒரு பிரேமின் நேரத்தைப் பிரேம் எண்ணிக்கையால் பெருக்குங்கள். தவணைக்கு மிச்சமிருக்கும் மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் வந்தால் வெளியே ரெண்டர் சேவைக்குக் கொடுப்பதைப் பற்றி அன்றே முடிவெடுங்கள், கடைசி இரவில் அல்ல. அந்தக் கட்டணத்தை வேலைக்கு விலை சொல்லும்போதே சேர்த்துச் சொல்வது நல்லது. ஷீப்இட் போன்ற கூட்டு ரெண்டர் தளங்களில் காசில்லாமலும் செய்யலாம். நம் மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களின் பிரேம்களை ரெண்டர் செய்துகொடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டும், ஆகவே வேலை வருமுன்பே சேர்ந்து வையுங்கள். வாடிக்கையாளர் இரகசியமாக வைக்கச் சொன்ன வேலையை அங்கே போடாதீர்கள்.

அனுப்புமுன் பைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா போய் பெக் ரிசோர்சஸ் கொடுங்கள், இல்லாவிட்டால் டெக்ஸ்சர் எல்லாம் ஊதா நிறத்தில் திரும்பி வரும். சிமுலேஷனை டிஸ்க்கில் பேக் செய்து அந்தப் போல்டரையும் சேர்த்து அனுப்புங்கள். அப்லோட் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்: 2 ஜிபி பைல், அப்லோட் செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் இருப்பவர்கள் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கி அங்கிருந்து ஏற்றுவது வேகம். முழுவதையும் கொடுக்குமுன் முதல், நடு, கடைசி என்று மூன்று பிரேமை மட்டும் அங்கே ஓட்டி, உங்கள் மெஷினில் வந்த படத்தோடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறியிருந்தால் கலர் மேனேஜ்மென்டில் வியூ டிரான்ஸ்ஃபோர்மையும் பிளெண்டர் பதிப்பையும் ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.